முரசில் வந்த இரத்தம்

பல் துலக்கித் துப்பும் நுரையில் இரத்தம் கலந்து வருவதை ஆறேழு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நோவில்லை, வீக்கமில்லை. ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றினால் கழுவுண்டு போய்விடும். முரசு, பல்லைச் சுற்றியிருக்கும் சதைதானே, கொஞ்சம் இரத்தம் வரத்தான் செய்யும் என்று நினைத்திருந்தேன். அந்த வழியாக ஏதோ ஒன்று உள்ளே போய் என் இதயத்தில் குடியிருக்கும் என்று ஒருவர் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு நாள் கிடந்து வந்த பிறகும் சில வேளைகளில் நம்ப முடியாமல்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த நாட்களில் என் வேலையே மற்றவர்களின் முரசைப் பற்றிக் கேட்பதுதான்.

நாங்கள் ஸ்கந்தபுரத்தில் இருக்கிறோம். கணவர் தவராசா வயல் செய்கிறார். மகள் துளசி சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். பல்கலைக்கழகத்திலிருந்து பல் வைத்தியர்கள் சிலர் எங்கள் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கு வந்தார்கள். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க ஆள் தேவைப்பட்டது. எனக்கு ஸ்கூட்டி ஓடத் தெரியும், கையெழுத்தும் தெளிவு. எடுத்துவிட்டார்கள்.

ஆராய்ச்சி இதுதான். முரசு நோய் உள்ளவர்களை இரண்டு குழுவாகப் பிரிப்பார்கள். ஒரு குழுவுக்கு உடனே பற்களைச் சுத்தம் செய்து, சரியாகத் துலக்கக் காட்டிக்கொடுப்பார்கள். மற்றக் குழுவுக்கு இப்போது துலக்கக் காட்டிக்கொடுப்பது மட்டும். சுத்தம் செய்வது ஆறு மாதம் கழித்து. இரண்டு குழுவிலும் முரசு எப்படி மாறுகிறது என்று அளந்து ஒப்பிடுவார்கள். நான் ஒவ்வொரு வீட்டிலும் விளக்கத்தாளை வாசித்து, சம்மதம் வாங்கி, கேள்விகளைக் கேட்டுக் குறிக்க வேண்டும். பல் துலக்கும்போது இரத்தம் வருகிறதா? பல் ஆடுகிறதா? சீனி வருத்தம் உண்டா? இருதய வருத்தம் உண்டா?

வேலை தொடங்கமுன் ஒருநாள் பயிற்சி நடந்தது. வைத்தியர்கள் எல்லாரும் ஒரே மாதிரி அளக்கிறார்களா என்று பார்க்க எங்கள் வாய்களைத்தான் பயன்படுத்தினார்கள். குழுவை நடத்திய டொக்டர் அபிராமி என்னைக் கதிரையில் இருத்தி முதலில் கேள்விகளைக் கேட்டார்.

"இருதய வருத்தம் ஏதும்?"

"இல்லை டொக்டர்."

பிறகு மில்லிமீற்றர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் முரசுக்கும் இடையில் மெதுவாக இறக்கினார். நல்ல முரசென்றால் இரண்டு, மூன்று மில்லிமீற்றரில் நின்றுவிடும். என் கீழ்க்கடைவாயில் அது ஏழு வரை போனது.

"சுகந்தி, இது ஆழமான பை. முரசு பல்லை விட்டுக் கழண்டு, இடைவெளிக்குள்ள ஊத்தை சேர்ந்திருக்கு. கிளினிக்குக்கு வாங்கோ, நான் சுத்தம் செய்துவிடுறன்."

"ஓம் டொக்டர், வாறன்."

போகவில்லை. விதைப்பு வந்தது. மகளின் தவணைப் பரீட்சை வந்தது. அதே நாட்களில் அக்கராயனிலும் ஸ்கந்தபுரத்திலும் எத்தனையோ பேரிடம், "இரத்தம் வந்தால் அசட்டை செய்யாதேங்கோ" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நாலு மாதத்தில் காய்ச்சல் தொடங்கியது. பெரிய காய்ச்சல் இல்லை. பின்னேரத்தில் உடம்பு குளிர்ந்து சுடும். வியர்த்து நனைந்ததும் விட்டுவிடும். பக்கத்தில் ஒரு தனியார் வைத்தியர் குளிசை தந்தார். ஐந்து நாள் குடித்தேன், மாறியது. நிறுத்தி ஒரு கிழமையில் திரும்ப வந்தது. இன்னொரு குளிசை; அதுவும் அப்படியே. சாரி உடுத்தினால் இடுப்பில் நிற்கவில்லை. ஆறு கிழமைக்குள் அவ்வளவு மெலிந்துவிட்டேன்.

"வெயிலுக்குள்ள திரியிறது காணும், வேலையை விடு," என்றார் கணவர்.

"இன்னும் கொஞ்ச வீடுதான்," என்றேன்.

ஒருநாள் மல்லாவிக்குச் சாமான் வாங்கப் போன இடத்தில், கடைப்படி மூன்றை ஏறியதும் மூச்சு எடுக்க முடியவில்லை. கடைக்காரர் ஒரு கதிரையைத் தந்துவிட்டுக் கணவருக்குப் போன் எடுத்தார். அன்றே மாவட்ட ஆஸ்பத்திரியில் மறித்து வார்ட்டில் கிடத்திவிட்டார்கள்.

வார்ட்டில் என்னைப் பார்த்தவர் ஒரு சிங்கள டொக்டர். தமிழ் தட்டித் தடுமாறித்தான் வரும், ஆனால் அவசரப்படமாட்டார். என் கைவிரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கி நகங்களை வெளிச்சத்தில் பார்த்தார். நகத்துக்குக் கீழே சிராய் ஏறியதுபோலச் சிவப்புக் கோடுகள் இருந்தன. நான் அதுவரை கவனிக்கவேயில்லை. பிறகு நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"இந்தச் சத்தம் எப்ப இருந்து?"

"என்ன சத்தம் சேர்?"

"இருதயத்தில. சின்ன வயசில இருந்து இருக்கா?"

எனக்கு அவர் சொல்வது விளங்கவில்லை. தமிழ் பிழையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் நின்ற தாதியைப் பார்த்தேன். அவர், "உங்கட இருதயத்தில ஒரு இரைச்சல் கேக்குது அக்கா, முந்தி ஆரும் சொன்னவையோ எண்டு கேக்கிறார்," என்றார்.

ஒருவரும் சொன்னதில்லை. எனக்கு முப்பத்தெட்டு வயது. ஒரு பிள்ளை பெற்றவள். துளசி பிறந்தது இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது. அந்த நெரிசலில் யார் நெஞ்சுக்குக் குழாய் வைத்தார்கள்?

மூன்று தடவை, வெவ்வேறு இடத்தில் இரத்தம் எடுத்தார்கள். கல்ச்சர் என்பது அந்தச் சோதனை. கிருமிக்கு வேண்டிய தீனி உள்ள போத்தலில் இரத்தத்தை விட்டு, ஏதாவது வளர்கிறதா என்று சில நாள் பார்ப்பார்கள். அடுத்த நாள் அம்புலன்சில் யாழ்ப்பாணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கணவர் முன்னால் ஏறினார்.

அங்கே எக்கோ எடுத்தார்கள். நெஞ்சில் பசையைப் பூசி ஒரு கருவியை உருட்ட, இதயம் துடிப்பது திரையில் தெரியும். இதயத்துக்குள் இரத்தம் ஒரு பக்கமாகவே போக வைக்கும் கதவு மாதிரி வால்வுகள் இருக்கின்றன. என்னுடைய ஒரு வால்வு தடித்துச் சுருங்கியிருந்தது. அதன் நுனியில் ஏதோ ஒன்று, வாய்க்கால் கதவில் சிக்கிய பாசிபோல, ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடியது. ஸ்கான் செய்த டொக்டர் அந்த இடத்தில் படத்தை நிறுத்தினார். இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் அவர்களுடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

மூன்றாம் நாள் இதய வைத்தியர் வந்து கட்டிலோரம் நின்றார். கணவரும் நின்றார்.

"இரத்தத்தில ஒரு கிருமி வளர்ந்திருக்கு. அது வழமையா வாயில இருக்கிற வகை. முரசால உள்ள போய், ஏற்கெனவே பழுதான வால்வில ஒட்டிப் பெருகியிருக்கு எண்டுதான் நினைக்கிறம். நாலு கிழமை ஊசி மருந்து ஏத்தவேணும்."

"வாயில இருந்தோ சேர்?" கணவர் கேட்டார்.

"ஓம். முரசில புண் இருந்தா, சாப்பிடேக்கயும் பல்லு மினுக்கேக்கயும் கொஞ்சம் கிருமி இரத்தத்துக்குப் போகும். நல்ல இருதயமெண்டா உடம்பே அழிச்சுப்போடும். இவவின்ர வால்வு பழுது. அதுதான்."

"மாறுமோ?"

"மாறவேணும். ஆனா வால்வு இன்னும் பழுதாகினா ஒப்பிறேசன் தேவைப்படும். வால்வில பாசி மாதிரி ஒட்டிக் கிடக்கிறது துண்டாகி மூளைக்குப் போகாமலும் பாக்கவேணும்."

அவர் போனபிறகு கணவர் கதிரையில் இருந்து தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பல்லாலயோ?" என்று கேட்டார். என்னிடம் கேட்டாரா, தனக்குள் கேட்டாரா தெரியவில்லை. சிறிது நேரம் கழித்துத் திரும்பவும், "பல்லாலயோ?" என்றார்.

நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஊசி. மருந்து ஏற்ற இடது கை நரம்பில் குத்திவைத்த ஒரு சிறு குழாய், கனுலா; அந்தக் கை வீங்கினால் வலது கையில் இன்னொன்று. மருந்து ஏறும்போது நரம்பு எரியும். கை காலில் ஒரு பக்கம் விறைத்தாலோ கதை குழறினாலோ உடனே சொல்லச் சொன்னார்கள். அதன்பிறகு நான் விழித்தெழும் ஒவ்வொரு முறையும் முதலில் விரல்களை அசைத்துப் பார்ப்பேன். பிறகு என் பெயரை மெதுவாகச் சொல்லிப் பார்ப்பேன். "சுகந்தி தவராசா." சரியாக வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன்.

என்னைப் பராமரிக்க அம்மா வந்தா. கணவர் காலையில் வயலைப் பார்த்துவிட்டு ஒன்றைவிட்டு ஒருநாள் பஸ்ஸில் வருவார். துளசி தானே அவித்த புட்டைக் கட்டி அனுப்புவாள். எனக்குப் பாண் துண்டைத் தேநீரில் நனைத்துத்தான் தின்ன முடிந்தது. புட்டை அம்மா சாப்பிட்டுவிட்டு, "பிள்ளை நல்லாச் செய்திருக்கு," என்று எனக்குச் சொல்லுவா.

இரண்டாம் கிழமை ஒருநாள் இளம் டொக்டர் ஒருவர் பழைய விபரங்கள் எடுக்க வந்தார். வால்வு எப்படி முதலில் பழுதானது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"சின்ன வயசில தொண்டை நோ வந்து, பிறகு மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்ததோ? மாதம் ஒருக்கா ஊசி போட்டனீங்களோ?"

"இல்லை டொக்டர்," என்றேன்.

அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றா. "போட்டது," என்றா.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"ஒன்பது வயசில. முழங்கால் வீங்கி நடக்கமாட்டாள். இருதயத்தில பிடிச்சிருக்கு, மாதாமாதம் ஊசி போடவேணும் எண்டு சொன்னவை. ஒரு வருசம் போட்டனாங்கள். பிறகு இடம்பெயர்ந்தம். அக்கராயன், மல்லாவி எண்டு அலைஞ்சு திரிஞ்சதில விடுபட்டுப் போச்சு. கால்நோவும் நிண்டிட்டுது. மாறியிட்டுது எண்டு நினைச்சிட்டம்."

முழங்கால் நோவும் அந்த ஊசியும் எனக்கு மங்கலாக நினைவிருந்தன. காலுக்குப் போட்ட ஊசி என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

"எனக்கு ஏனம்மா சொல்லயில்லை?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. கட்டிலின் மறுபக்கம் நின்ற மருமகனைப் பார்த்துத்தான் சொன்னா. "அந்த நேரம் சண்டைக்கு ஆள் பிடிச்ச காலம், கட்டாத பொம்பிளைப் பிள்ளையை வீட்டில வைச்சிருக்கேலாது தம்பி. கெதியாக் கட்டிக்குடுக்கவேண்டிக் கிடந்தது. இருதய வருத்தம் எண்டு சொன்னா ஆர் கட்டுவினம்? அவளுக்குத் தெரிஞ்சா அவள் உங்களுக்குச் சொல்லிப்போடுவாள்."

டொக்டர் எழுதி முடித்துவிட்டுப் போனார். கணவர் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளைப்பெறு நேரம் இவளுக்கு ஏதும் நடந்திருந்தா, மாமி?" என்று மட்டும் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. அதன்பிறகு மூன்று தடவை அவர் வந்துபோனார். சாப்பாட்டுப் பையை அம்மாவின் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு அம்மாவில் கோபம் வந்ததா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கோபத்துக்கு இடமிருக்கவில்லை. முப்பத்தெட்டு வருடமாக என்னுடையதென்று நினைத்த உடம்பைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று வேறொருவருக்குத் தெரிந்திருந்தது என்ற அதிர்ச்சிதான் என்னை மூடிக்கொண்டிருந்தது. அம்மா என் தலையை வாரிவிடும்போது நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் கிழமை டொக்டர் அபிராமி வந்தார். என் கட்டிலோரம் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

"இருதய வருத்தம் இல்லை எண்டு சொன்னனீங்கள், சுகந்தி."

"எனக்கே தெரியாது டொக்டர்."

அவர் தலையாட்டினார். இதய வால்வில் கிருமி பிடித்தவர்களின் முரசைப் பரிசோதிக்கும் இன்னோர் ஆராய்ச்சி அந்த ஆஸ்பத்திரியில் நடப்பதாகச் சொன்னார். விருப்பமென்றால் நானும் சேரலாம். விளக்கத்தாளை எடுத்து வாசித்தார். அந்த வசனங்கள் எனக்குப் பாடம். வெயிலில் நின்று, அடுத்த வீட்டுக்குப் போகும் அவசரத்தில், ஒரே மூச்சில் எத்தனை தரம் வாசித்திருப்பேன். 'நீங்கள் எந்த வேளையிலும் விலகலாம். விலகினாலும் உங்கள் சிகிச்சை பாதிக்கப்படாது.' கையில் ஊசியோடு கிடந்து கேட்டபோதுதான் அது எவ்வளவு பெரிய வாக்குறுதி என்று தெரிந்தது.

"இதால எனக்கு என்ன நன்மை?" என்று கேட்டேன். வீடுகளில் என்னிடம் ஒருவரும் கேட்காத கேள்வி. நானும் கேட்க நேரம் கொடுத்ததில்லை.

"உங்களுக்கு நேரா ஒரு நன்மையும் இல்லை," என்றார். "முரசாலதான் வந்தது எண்டு உங்கட விசயத்தில நூறு வீதம் நிரூபிக்கவும் ஏலாது. கனபேரைப் பாத்து அளந்தாத்தான் ஏதும் தெளிவாகும்."

அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. வலது கையில் கனுலா இருந்ததால் இடது கையால் கோணலாகக் கையெழுத்து வைத்தேன்.

அவர் கேள்விகளைக் கேட்கத் தொடங்கினார். மூட்டு வீக்கம், காய்ச்சல், மாத ஊசி என்று வந்தபோது எனக்கு ஒரு வீடு நினைவுக்கு வந்தது. அக்கராயனில், மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். தாயின் முரசைப் பற்றி நான் கேட்டுக்கொண்டிருக்க, அவர் தன் மகளைக் காட்டி, "இவளுக்குத்தாங்க ஒடம்பு முடியாம இருந்திச்சு. காலு வீங்கிக் காய்ச்சல். மாசா மாசம் ஊசின்னாங்க. வலி நின்னதும் விட்டுட்டோம்," என்று சொன்னார். பிள்ளைக்குப் பத்துப் பதினொரு வயதிருக்கும். எங்கள் தாளில் அதைக் குறிக்க இடமிருக்கவில்லை. நான் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

இதை நான் சொன்னதும் டொக்டரின் பேனை நின்றது. "நீங்கள் ஆருக்கும் வீட்டைச் சொல்லவேண்டாம். அவை எங்களை நம்பிச் சொன்னது. நான் சுகாதாரப் பகுதிக்கால குடும்பநல மாதுவை அனுப்புறன்," என்றார்.

ஊர் மருத்துவிச்சியான அந்த மாது போனார். இரண்டு நாளில் டொக்டர் எனக்குப் போன் எடுத்தார். தாய், அப்படியொரு வருத்தமும் தன் மகளுக்கு இருந்ததில்லை என்று சொல்லிவிட்டாராம்.

போனை வைத்தபிறகு நான் அழுதேன். ஆஸ்பத்திரிக்கு வந்து அதுதான் முதல் தடவை. அம்மா பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தா.

"அந்தத் தாய் ஏன் மறைக்கிறா எண்டு எனக்குத் தெரியும்," என்றா. "நான் போறன். அவவின்ர பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லுக் கேக்கமாட்டன். உன்னைப் பற்றித்தான் சொல்லுவன். அதைச் சொல்ல எனக்கு ஆரின்ர அனுமதி வேணும்?"

"என்ர அனுமதி வேணும்," என்றேன்.

அம்மா காத்துக்கொண்டு நின்றா. நான் வீட்டைச் சொன்னேன். அது சரியா பிழையா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. டொக்டரிடம் பிறகு ஒத்துக்கொண்டேன், அவர் சந்தோஷப்படவில்லை.

கணவர்தான் மோட்டார் சைக்கிளில் அம்மாவை ஏற்றிக்கொண்டு போனார். அங்கே நடந்ததை அவர் வந்து சொன்னார்.

"நான் படலையடியில நிண்டனான். மாமி உள்ள போய் நிலத்தில இருந்திட்டா. அந்தப் பிள்ளையைப் பாக்கவே இல்லை. 'என்ர மகளுக்கு ஒன்பது வயசில மாத ஊசி போட்டனான், விட்டிட்டன். கலியாணத்துக்காக ஒளிச்சனான். அவளுக்கே ஒளிச்சனான். இப்ப அவள் பெரியாஸ்பத்திரியில ஒவ்வொரு நாளும் விரலை ஆட்டிப் பாத்துக்கொண்டு கிடக்கிறாள். நான் பக்கத்தில இருந்து அதைப் பாக்கிறன்' எண்டு சொன்னா. வேற ஒண்டும் சொல்லயில்லை. தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு எழும்பி வந்திட்டா."

நான் விரலை அசைப்பதை அம்மா பார்த்திருக்கிறா என்று எனக்குத் தெரியாது.

"வழியில ஏதும் கதைச்சவாவோ?"

"இல்லை. நான்தான், 'பிடிச்சுக்கொண்டு இருங்கோ மாமி, ரோட்டுப் பள்ளமாக் கிடக்கு' எண்டனான்." கொஞ்சம் பொறுத்து, "சாப்பாடு வாங்கிக் குடுத்தனான்," என்றார்.

நாலாம் கிழமை, மருந்து ஏறிக்கொண்டிருந்த நாட்களிலேயே என் கடைவாய்ப் பற்கள் மூன்றைக் கழற்றினார்கள். மற்றவற்றை முரசுக்குக் கீழேவரை சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். கடைசி எக்கோவில் வால்வின் நுனியில் ஆடியது சுருங்கி ஒரு புள்ளியாகியிருந்தது. வால்வு கசிகிறது, ஒருநாள் ஒப்பிறேசன் தேவைப்படலாம், இப்போது இல்லை என்றார்கள். இனிப் பல்லில் எந்த வேலை செய்வதானாலும் முன்கூட்டியே மருந்து எடுக்க வேண்டும். மாதாமாதம் அந்தப் பழைய ஊசியும் திரும்பப் போட வேண்டும். வீட்டுக்கு வந்து முதல்நாள் பல் துலக்கித் துப்பினேன். நுரை வெள்ளையாகத்தான் வந்தது. நம்பாமல் திரும்பவும் ஒருமுறை துலக்கினேன்.

முதல் ஊசிக்கு மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போனேன். கணவர் மோட்டார் சைக்கிளை நிழலில் விடப் போய்விட்டார். ஊசி அறைக்கு வெளியே நீள வாங்கில் அமர்ந்திருந்தவர்கள் நெருங்கி எனக்கு இடம் தந்தார்கள். இருந்தபிறகுதான் பார்த்தேன். பக்கத்தில் அந்த அக்கராயன் பிள்ளை. அதற்கு அப்பால் தாய்.

தாய் என்னை அடையாளம் கண்டுகொண்டார். மகளின் பெயரெழுதிய கிளினிக் கொப்பியை மடியில் கவிழ்த்து வைத்தார். நான் எதுவும் கேட்கவில்லை. சிறிது நேரத்தில் அவராகவே, "சத்தம் கேக்குதுன்னாங்க," என்று தாழ்ந்த குரலில் சொன்னார். "கொஞ்சந்தானாம். ஊசிய விடாமப் போட்டா போதுமாம்."

"எனக்கும் இண்டைக்குத்தான் துடங்குறது," என்றேன்.

பிள்ளை என் கையைப் பார்த்தாள். கனுலா குத்திய இடங்கள் இன்னும் கறுத்துக் கிடந்தன.

"நோகுமா அன்ரி?"

தாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குமுன் நான் சொன்னேன்.

"ஓம், நோகும். நல்லா நோகும்."

அவள் அதைக் கேட்டுத் தலையாட்டினாள். உள்ளேயிருந்து அவளுடைய பெயரைக் கூப்பிட்டார்கள்.